செக்கிங் அக்காவும் சீட் பெல்ட் கேமராவும்

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷம் சட்டைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்ததில் அவளுக்குக் கால் வீங்கியது, கண் கூர்மையானது. ஒரு நாளைக்கு எழுநூறு சட்டை அவள் கைவழியே போகும். காலர் நுனி ஒரு நூலளவு ஏறியிருந்தாலும், அக்குளில் ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும், எண்ணெய்க் கறை கடுகளவு பட்டிருந்தாலும் அவள் விரல் அங்கே போய் நின்றுவிடும். அவள் பார்த்து அனுப்பிய பெட்டியை ஆய்வாளர்கள் பிரித்துக்கூடப் பார்க்கமாட்டார்கள். ‘செக்கிங் அக்கா’ என்று தொழிற்சாலையில் ஒட்டிக்கொண்ட பெயர் தெருவுக்கும் வந்து சேர்ந்தது. பால்காரர் முதல் மருந்துக்கடைக்காரர் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். மருத்துவமனையில் லிஃப்ட் இயக்கும் அவள் வீட்டுக்காரர், “என்னையே கல்யாணத்துக்கு முன்னாடி உள்ளே வெளியே திருப்பிப் பாத்துட்டுத்தான் பாஸ் பண்ணினா” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்தத் தொழிற்சாலை ஒரு வெள்ளிக்கிழமை மூடியது. திங்கட்கிழமை போனபோது கேட்டில் பூட்டு தொங்கியது. நாற்பத்தாறு வயதில், சட்டையைத் தவிர வேறெதுவும் தெரியாத ஒருத்திக்கு யார் வேலை கொடுப்பார்கள்? நான்கு மாதம் வீட்டில் இருந்தாள். கை சும்மா இருக்கமாட்டேன் என்றது. துவைத்து மடித்த துணியையே மறுபடி பிரித்துத் தையல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் சாலைகளில் புதிய கேமராக்கள் வந்தன. பெரிய சாலைகளின் குறுக்கே இரும்புப் பாலம் போல ஒன்றைக் கட்டி, அதன்மேல் கேமராவை வைத்தார்கள். கீழே போகும் ஒவ்வொரு வண்டியையும் அது முன்கண்ணாடி வழியாகப் படம் பிடிக்கும். ஓட்டுகிறவர் சீட் பெல்ட் போட்டிருக்கிறாரா என்று முதலில் ஒரு இயந்திரம் பார்க்கும். போடவில்லை என்று அது சந்தேகப்படும் படங்களை ஒரு மனிதர் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்பது சட்டம். அதற்கு ஆள் எடுத்தார்கள். தேர்வுக்குப் போன இடத்தில் பட்டம் படித்த இளம்பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நடுவில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்தாள். ஐம்பது படம் காட்டினார்கள். நாற்பத்தொன்பது சரி. தவறென்று குறித்த அந்த ஒன்றைத் தேர்வு நடத்திய பையன் மறுபடி பெரிதாக்கிப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். “இதுல எங்க விடைதான் தப்பு போல இருக்கு” என்றான்.

வேலை போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் மூன்றாவது மாடியில். பன்னிரண்டு மேஜை, பன்னிரண்டு திரை, எந்நேரமும் இழுத்துவிட்ட ஜன்னல் திரைச்சீலை, எலும்பைத் துளைக்கும் ஏசி. அக்கா முதல் நாளே வீட்டுக்காரரின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போனாள். படங்களில் ஓட்டுகிறவரின் முகத்தின்மேல் ஒரு வெள்ளைக் கட்டம் இருக்கும். வண்டி எண்ணையும் மறைத்திருப்பார்கள். யார், என்ன என்று தெரியாமல்தான் பார்க்க வேண்டும். கழுத்திலிருந்து மடி வரை தெரியும். அவ்வளவுதான். பச்சை விசையைத் தட்டினால் பெல்ட் போட்டிருக்கிறார், விடு. சிவப்பு விசையைத் தட்டினால் போடவில்லை, நோட்டீஸ் அனுப்பு. நோட்டீசின் அடியில் யார் பார்த்தது என்று ஒரு எண் இருக்கும். இரண்டு ஷிஃப்டுக்கும் சேர்த்துப் போட்ட எண்களில் அக்காவுடையது பதினான்கு. நான்கு நோட்டீஸ் சேர்ந்தால் ஆறு மாதத்துக்கு ஓட்டுநர் உரிமம் கிடையாது.

ஒரு படத்துக்கு எட்டு வினாடி என்பது அங்கே கணக்கு. ஆள் எடுத்த ஒப்பந்த நிறுவனத்தின் மேனேஜர், அன்றன்றைக்கு யார் அதிகப் படம் பார்த்தார்கள் என்று சுவரில் ஒரு பலகையில் எழுதி வைப்பார். அக்காவுக்கு எட்டு வினாடி தாராளம். ஒரு முழுச் சட்டையையே அரை நிமிஷத்தில் பார்த்து முடித்தவள் அவள்.

முகமில்லாத மனிதர்களை நாள் முழுக்கப் பார்ப்பது வேடிக்கையான வேலை. பெல்ட்டை அக்குளுக்கடியில் நுழைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள். முதுகுக்குப் பின்னால் மாட்டிவிட்டு அதன்மேல் சாய்ந்துகொள்கிறவர்கள். கைக்குழந்தையை ஸ்டீயரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவே வைத்துக்கொண்டு ஓட்டிய ஒருவரைப் பார்த்தபோது, “அடப்பாவி” என்று அவள் மேஜையைத் தட்டிய சத்தத்தில் மற்றப் பதினொரு மேஜையும் திரும்பியது.

வேலைக்கு வந்த இரண்டாம் மாதம் அவள் பெயர் அந்த மாடி முழுக்கப் பரவியது. இயந்திரம் ‘சரி’ என்று விட்ட படங்களிலும் தினம் நூறு படம் சும்மா சோதிக்க வரும். அதில் ஒன்று: வெள்ளைச் சட்டை, குறுக்கே கறுப்புப் பட்டை. அக்கா பச்சையைத் தட்டப் போனவள் கையை எடுத்துக்கொண்டாள்.

“இது பெல்ட் இல்ல. சட்டையில தெச்ச நாடா” என்றாள்.

பக்கத்து மேஜைப் பெண் எட்டிப் பார்த்தாள். “எப்படிக்கா சொல்றீங்க? அச்சு அசலா பெல்ட் மாதிரியே இருக்கே.”

“பெல்ட்டுன்னா சட்டையை அழுத்தணும்ல? இது அழுத்தவே இல்லையே. பாக்கெட் பாரு, தொளதொளன்னு கிடக்கு. ஆனா தெச்சவன் நல்ல தையல்காரன். ஓரத்தையல் கோணாம போட்டிருக்கான்.”

அந்த வாரத்திலேயே அதே மாதிரி பதினொரு சட்டை பிடிபட்டது. எங்கோ ஒரு தையல்கடையில் அதை ஒரு வியாபாரமாகவே நடத்திக்கொண்டிருந்தார்களாம். மேனேஜர் பலகையில் அவள் எண்ணுக்கு நேரே ஒரு நட்சத்திரம் வரைந்தார். அக்கா வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது வீட்டுக்காரர், “பாவம், எந்தத் தொழிலுக்குப் போனாலும் தையல்காரங்களுக்கு உன்கிட்டருந்து விடுதலை இல்ல” என்றார்.

இப்படிக் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தவளின் வீட்டுக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் தம்பி மூன்று நோட்டீசுகளோடு வந்தான்.

தம்பி டாக்ஸி ஓட்டுகிறவன். ஸ்டாண்டில் அவனைப் ‘பேச்சுவண்டி’ என்பார்கள். வண்டி நின்றாலும் வாய் நிற்காது. பொய்யும் அப்படியே. பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாரம் விடுமுறை என்று அப்பாவையே நம்பவைத்தவன். அவன் மழை பெய்கிறது என்று சொன்னால் அக்கா ஜன்னலைத் திறந்து கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடையை எடுப்பாள்.

“மூணு நோட்டீஸ்க்கா. மூணுலயும் பெல்ட் போடலையாம். நான் போட்டிருந்தேன். இன்னும் ஒண்ணு வந்தா லைசென்ஸ் போச்சு.”

“கேமரா என்ன உன்மேல பொறாமைப்பட்டா படம் எடுக்குது? போட்டிருந்தா போட்டிருக்கேன்னு காட்டியிருக்கும்.”

“சத்தியமாப் போட்டிருந்தேன்.”

“உன் சத்தியத்தை நான் சின்ன வயசுலேர்ந்து பாக்கறேன்டா. தினம் நான் அதே வேலைதான் பாக்கறேன். ஒவ்வொரு படத்துலயும் உன்னை மாதிரி ஒருத்தன்தான் உக்காந்திருக்கான்.”

தம்பி வழக்கமாக இந்த இடத்தில் பல்லைக் காட்டுவான். ஏதாவது ஒரு நக்கல் அடித்து அவளையும் சிரிக்கவைத்துவிடுவான். அன்று சிரிக்கவில்லை. நோட்டீசுகளை மேஜைமேல் வைத்தான்.

“சொந்த அக்காவே நம்பல. அப்புறம் எவன் நம்புவான்” என்றான். கொடுத்த காப்பியைத் தொடாமல் போய்விட்டான்.

பின்னாலேயே அவன் மனைவி போனில் வந்தாள். “அண்ணி, அவரு ஸ்டாண்டுல எல்லாருக்கும் இப்படித்தான் வருதாம். கம்பெனில புதுசா கறுப்புக் கோட்டு குடுத்தாங்க இல்ல, அதுலேர்ந்துதானாம். இவரு புளுகுறவருதான், எனக்குத் தெரியாதா? ஆனா ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுக்கறாரு அண்ணி.”

கறுப்புக் கோட்டு. அந்தச் சொல் அக்காவின் காதில் தங்கிவிட்டது. போனை வைத்துவிட்டு நோட்டீசுகளை எடுத்தாள். உரிமையாளருக்குப் போகும் படத்தில் முகத்தை மறைக்கமாட்டார்கள். மூன்றிலும் தம்பியின் முகம் பளிச்சென்று இருந்தது. கறுப்புக் கோட்டின்மேல் பெல்ட் எதுவும் தெரியவில்லை. நன்றாகத்தான் மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தபடியே அடியில் பார்த்தாள். இரண்டாவது நோட்டீசில் ‘சோதித்தவர்: 14’ என்று அச்சாகியிருந்தது.

தன் தம்பிக்குத் தானே சிவப்பைத் தட்டியிருக்கிறாள்.

ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். படத்தை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். எட்டு வினாடி அல்ல, எட்டு நிமிஷம் பார்த்தாள். முதலில் கறுப்பு மட்டும்தான் தெரிந்தது. பிறகு, பெல்ட்டைத் தேடுவதை விட்டுவிட்டு, மேஜையில் விரித்துப்போட்ட ஒரு கோட்டைப் பார்ப்பதுபோலக் கோட்டைப் பார்த்தாள். அப்போது தெரிந்தது. கதவுப் பக்கத் தோளிலிருந்து எதிர் இடுப்பை நோக்கி மயிரிழை போல மூன்று மடிப்புகள் சாய்வாக இறங்கின. துணி தானாக அப்படி மடங்காது. அதை ஏதாவது ஒன்று இழுத்துப் பிடிக்க வேண்டும். கோட்டின் ஒரு பக்கக் காலர் மடிப்பு விறைப்பாக நின்றது. மறுபக்கம் இஸ்திரி போட்டதுபோல் அமுங்கிக் கிடந்தது. பெல்ட் அங்கேதான் இருந்தது. கறுப்பின்மேல் கறுப்பு. கேமராவின் ஒளியில் இரண்டும் ஒரே நிறமாகக் கலந்துவிட்டன, அவ்வளவுதான்.

பத்தொன்பது வருஷத்தில் மோசமான சட்டை ஒன்றை அவள் பாஸ் பண்ணியதில்லை. அந்தப் பெருமையிலேயே இருந்துவிட்டாள். நல்ல சட்டை ஒன்றைத் தூக்கிக் குப்பையில் போட்டிருக்கிறோமா என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

முதல் நோட்டீசையும் பார்த்தாள். அதிலும் அதே மடிப்பு. மூன்றாவதைப் பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். மூன்றையும் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, தான் முன்பு சிவப்புத் தட்டிய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். கறுப்பு உடைகளை மட்டும் தனியே எடுத்தாள். ஐந்து நாளில் அறுபத்தொரு படம் சேர்ந்தது. நாற்பத்து நான்கில் துணி இழுபட்டிருந்தது. நாற்பத்து நான்கு பேர், ஒரு குற்றமும் செய்யாதவர்கள். எல்லாவற்றின் அடியிலும் அவள் எண்.

வீட்டுக்காரரிடம் சொன்னாள்.

“சொன்னா வேலையை விட்டுத் தூக்கிடுவாங்களோ?” என்றார்.

“தூக்கினாலும் தூக்கலாம்.”

“சரி போ. மறுபடியும் நாலு மாசம் துணி மடிக்கிறதைப் பாத்துக்கிட்டு இருக்கணும். தாங்கிக்கறேன்.”

முதலில் மேனேஜரிடம்தான் போனாள். அவர் படங்களைக் கையில்கூட வாங்கவில்லை. “அக்கா, இயந்திரம் நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு சரியாச் சொல்லுதுன்னு அந்தக் கம்பெனிக்காரங்க எழுதியே குடுத்திருக்காங்க. மடிப்பு, கிடிப்புன்னு ஆரம்பிச்சா எட்டு செகண்டு எப்படிப் போதும்?”

“போதாதுதான் சார். கறுப்புத் துணிக்கு இருபது வேணும்.”

“பாத்துப் பேசுங்க. நாப்பத்து நாலு தப்புப் பண்ணிட்டேன்னு நீங்களே எழுதிக் குடுத்தா, முதல்ல உங்களைத்தான் வீட்டுக்கு அனுப்பணும்.” அவர் பலகையைப் பார்த்தார். “நட்சத்திரமெல்லாம் வாங்கியிருக்கீங்க. எதுக்கு இந்த வேண்டாத வேலை?”

ஐந்தாவது மாடியில் இந்தக் கேமராக்கள் அத்தனைக்கும் பொறுப்பான அரசுப் பொறியாளர் இருந்தார். ஐம்பதைத் தாண்டிய அம்மாள். பேச்சில் கறார், நடையில் வேகம். அவரைப் பார்க்க ஒப்பந்த ஆட்களுக்கு அனுமதி கிடையாது என்று உதவியாளர் இரண்டு நாள் திருப்பி அனுப்பினார். மூன்றாம் நாள் காலை லிஃப்ட் பழுதாகிப் போனது. எல்லோரும் முனகிக்கொண்டே படியேறினார்கள். மூன்றாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்ற பொறியாளர் முன்னால் அக்கா போய் நின்றாள்.

“மேடம், ஒரு அஞ்சு நிமிஷம். நான் பதினாலாம் நம்பர். நான் தப்புப் பண்ணியிருக்கேன், அதைச் சொல்லணும்.”

புகார் சொல்ல வருகிறவர்களைத்தான் அந்த அம்மாள் நிறையப் பார்த்திருந்தார். தன்மேலேயே புகார் சொல்ல வந்தவளை ஏற இறங்கப் பார்த்தார். அங்கேயே கைப்பிடிச் சுவரில் படங்களைப் பரப்பிவைத்து அக்கா மடிப்பைக் காட்டினாள். தோளிலிருந்து இடுப்புக்கு விரலை ஓட்டிக் காட்டினாள்.

“இதையெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?”

“எனக்கு கேமரா தெரியாது மேடம். சட்டை தெரியும்.”

பொறியாளர் ஒரு படத்தை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். பிறகு, “உண்மையைச் சொல்லுங்க. இதுல உங்களுக்கு வேண்டியவங்க யாராவது இருக்காங்களா?” என்றார்.

அக்கா கைப்பையிலிருந்து தம்பியின் நோட்டீசுகளை எடுத்தாள். “என் கூடப்பிறந்த தம்பி மேடம். டாக்ஸி ஓட்டறான். இதைப் பாத்துத்தான் எனக்கே தெரிஞ்சுது. இந்த ரெண்டுலயும் அவன் பெல்ட் போட்டிருக்கான்.” மூன்றாவதைத் தனியே வைத்தாள். “இதுல போடல. துணி எங்கயுமே இழுபடல. மூணுலயும் போட்டேன்னு என்கிட்ட சத்தியம் பண்ணினான், படுபாவி. இது அவன் தப்புதான். இதை எடுக்கக் கூடாது.”

பொறியாளர் முதல்முறையாகச் சிரித்தார். படிகளில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்.

“இது ஒண்ணு போதும், உங்களை நம்பறதுக்கு” என்றார். “ஆனா நான் நம்பினாப் பத்தாது. எல்லார் கண்ணுக்கும் முன்னாடி காட்டணும். முடியுமா?”

“முடியும் மேடம்” என்றாள் அக்கா.

அடுத்த சனிக்கிழமை காலை அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த சாலையை அடைத்தார்கள். அங்கே சோதனைக்கென்று ஒரு கேமரா நின்றது. டாக்ஸி ஸ்டாண்டிலிருந்து கறுப்புக் கோட்டோடு பத்து ஓட்டுநர்கள் வந்திருந்தார்கள். தம்பியும் அதில் ஒருவன். யார் எந்தச் சுற்றில் பெல்ட் போட வேண்டும், யார் போடக் கூடாது என்று பொறியாளர் தானே சீட்டு எழுதி, கீழே தன் ஆளிடம் கொடுத்துவைத்தார். ஆளுக்கு நான்கு சுற்று, மொத்தம் நாற்பது படம். மேலே மூன்றாவது மாடியில் முகம் மறைத்த படம் வரும். இயந்திரம் ஒரு பதில் சொல்லும், அக்கா ஒரு பதில் சொல்ல வேண்டும். நேரம் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

அறையில் நிற்க இடமில்லை. மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இயந்திரக் கம்பெனியிலிருந்து கழுத்துப்பட்டை கட்டிய ஒரு இளைஞன் மடிக்கணினியோடு வந்திருந்தான். மற்றப் பதினொரு மேஜைப் பெண்களும் அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் கூடிவிட்டார்கள்.

முதல் படம் வந்தது. “போட்டிருக்கார்” என்றாள். இயந்திரமும் அதையே சொன்னது. இரண்டாவது, “போடல.” இயந்திரமும் அதே. மூன்றாவதில் இயந்திரம் சிவப்பைக் காட்டியது. அக்கா முன்னால் குனிந்து, “போட்டிருக்கார்” என்றாள். பொறியாளர் தன் தாளைப் பார்த்தார். “பதினாலு சரி. இயந்திரம் தப்பு.”

பின்னால் ஒரு சலசலப்பு எழுந்தது. கழுத்துப்பட்டை இளைஞன், “வெளிச்சம் சரியில்ல” என்றான்.

“வெளிச்சம் எங்களுக்கும் அதேதான்” என்றாள் பக்கத்து மேஜைப் பெண். மேனேஜர் அவளை முறைத்தார்.

பத்து முடிந்தது, இருபது முடிந்தது. இயந்திரம் ஏழு தவறு செய்திருந்தது. அக்கா ஒன்றும் செய்யவில்லை. ஏசியிலும் அவள் நெற்றி வியர்த்தது. ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். இருபத்தாறாவது படத்தில் வெள்ளைச் சட்டைமேல் கறுப்புப் பட்டை வந்தது. இயந்திரம் பச்சை காட்டியது. “இது தெச்ச நாடா. மேடம், யாரு மேடம் வச்சிருந்தது இந்தச் சட்டையை?” என்றாள். பொறியாளர் கண்டுகொள்ளாததுபோல் தாளில் ஒரு கோடு போட்டார்.

முப்பத்தொன்றாவது படத்தில் அக்கா தடுமாறிப்போனாள்.

கறுப்புக் கோட்டு. மடிப்பே இல்லை. காலர் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நிற்கிறது. பார்த்த மாத்திரத்தில் ‘போடல’ என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இயந்திரமும் சிவப்பு. எல்லோரும் காத்திருந்தார்கள். ஒரு நிமிஷம் போனது. “என்னக்கா, இதுலயா மாட்டிக்கிட்டீங்க?” என்றார் மேனேஜர், மெதுவாக.

ஏதோ ஒன்று சரியில்லை. கோட்டின் மார்புப் பகுதி தட்டையாக இல்லை. நடுவில் சாய்வாக ஒரு சின்ன மேடு ஓடியது, சட்டையின் உள்பக்கத் தையல் தடித்துப்போனால் வெளியே புடைத்துத் தெரியுமே, அதுபோல. மேலிருந்து அழுத்தினால் பள்ளம் விழும். இங்கே பள்ளமில்லை, மேடு.

“போட்டிருக்கார்” என்றாள். “ஆனா கோட்டுக்கு அடியில. பெல்ட்டை மாட்டிட்டு, அதுக்கப்புறம் கோட்டை மேல போத்திக்கிட்டிருக்கார்.”

பொறியாளர் தாளைப் பார்த்தார். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். “அந்தச் சீட்டை நேத்து யோசிச்சு யோசிச்சு எழுதினேன்” என்றார். “பதினாலு சரி.”

அதற்குப் பிறகு யாரும் வெளிச்சத்தைப் பற்றிப் பேசவில்லை. மீதி ஒன்பது படமும் மளமளவென்று போனது. நாற்பதாவது பதிலைச் சொல்லிவிட்டு அக்கா நாற்காலியில் சாய்ந்தாள். பொறியாளர் சத்தமாகப் படித்தார்: “இயந்திரம், நாற்பதுக்கு இருபத்தெட்டு. பதினாலாம் நம்பர், நாற்பதுக்கு நாற்பது.”

மேஜைப் பெண்களெல்லாம் சேர்ந்து போட்ட கூச்சலில் கீழே சாலையில் நின்ற ஓட்டுநர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். யாரோ ஒருத்தி எட்டித் திரைச்சீலையை விலக்கி, ஜன்னலைத் திறந்து, “நாப்பதுக்கு நாப்பது!” என்று கத்தினாள். அந்த ஜன்னல் திறந்ததை அக்கா அன்றுதான் முதன்முதலில் பார்த்தாள். கீழேயிருந்து பத்து டாக்ஸிகளின் ஹாரன் ஒரே நேரத்தில் எழுந்தது.

கழுத்துப்பட்டை இளைஞன் மடிக்கணினியை மூடினான். கோபித்துக்கொண்டு போவான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவன் அக்காவின் அருகில் வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். “அக்கா, அந்த மேடு, பள்ளம்னு சொன்னீங்களே, அதை இன்னொரு தரம் சொல்லுங்க. எழுதிக்கறேன்” என்றான். அக்காவுக்கு அவனைப் பிடித்துப்போனது.

நினைத்ததைவிட வேகமாகக் காரியம் நடந்தது. திங்கட்கிழமையே கறுப்பு உடைப் படங்களுக்கு நோட்டீஸ் அனுப்புவதை நிறுத்தினார்கள். அனுப்பியவற்றை ஆறு பேர் உட்கார்ந்து முதலிலிருந்து பார்த்தார்கள். அக்காவின் எண் போட்டவற்றை வேறொருவரும், தம்பியின் நோட்டீசுகளைப் பொறியாளரே நேரிலும் பார்த்தார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அக்காவே கேட்டுக்கொண்டாள். ஆயிரத்து முந்நூறு நோட்டீசுகள் ரத்தாயின. ஒரு ஆம்புலன்ஸ் ஓட்டுநரும், பள்ளி வேன் ஓட்டும் ஒரு பெண்ணும், உரிமம் பறிபோய் வீட்டில் உட்கார்ந்திருந்த இருபத்தேழு பேரும் மறுபடி ஸ்டீயரிங்கைப் பிடித்தார்கள். ரத்தாகாமல் நின்றவையும் நிறைய. அவை நியாயமாக நின்றன. தப்பியவர்களுக்கும் தப்பாதவர்களுக்கும் இனிமேல் கேமராவைத் திட்டுவதற்கு ஒரு காரணம் குறைந்தது.

இயந்திரத்துக்கு மடிப்பைக் கற்றுக்கொடுக்க அக்கா எட்டாயிரம் படங்களில் இழுபட்ட இடத்தைக் கோடு போட்டுக் காட்டினாள். எட்டு வினாடிப் பலகை சுவரிலிருந்து இறங்கியது. ஒப்பந்த வேலையிலிருந்து அவளைப் பிரித்தெடுத்து, ‘தலைமைச் சோதகர்’ என்று துறையே ஆணை கொடுத்தது. அந்த ஆணையை மேனேஜர்தான் கொண்டுவந்து நீட்ட வேண்டியிருந்தது. “வாழ்த்துகள்க்கா” என்றார். அவர் குரலில் வருத்தமா, மரியாதையா என்று அக்கா சோதித்துப் பார்க்கவில்லை. வாங்கிக்கொண்டாள்.

தம்பிக்கு வந்த கடிதத்தை அவள் தபாலில் போகவிடவில்லை. பொறியாளரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, மாலை வேலை முடிந்ததும் நேரே டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போனாள். ஓட்டுநர்கள் வண்டிமேல் சாய்ந்து நின்றிருந்தார்கள். அவளைக் கண்டதும் ஒருவர் கை தட்டினார். அடுத்தவர் தட்டினார். ஸ்டாண்டு முழுக்கத் தட்டியது. பத்தொன்பது வருஷம் அவள் பார்த்து அனுப்பிய சட்டைகளுக்காக ஒருவரும் கை தட்டியதில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

தம்பி முன்னால் வந்தான். ஒன்றரை மாதமாகிறது அவர்கள் சரியாகப் பேசி.

“தம்பி, அன்னைக்கு நான் உன்னை நம்பியிருக்கணும். என் எண்ணுல வந்த நோட்டீஸ்டா அது. தப்பு என்மேல. மன்னிச்சுக்க.”

“விடுக்கா. என்னை நான்கூட நம்பமாட்டேன்” என்றான். கண் கலங்கியிருந்தது. கடிதத்தை வாங்கிப் பிரித்தான். படித்தான். நெற்றி சுருங்கியது. “ரெண்டுதான ரத்தாயிருக்கு? மூணாவது?”

“மூணாவது அப்படியே நிக்கும்.”

“ஏன்?”

“நீயே சொல்லு ஏன்னு. இத்தனை பேர் இருக்காங்க, சொல்லு.”

பேச்சுவண்டி காதைத் தேய்த்தான். வானத்தைப் பார்த்தான். “அது... அன்னைக்கு பெட்ரோல் பங்கு வரைக்கும்தானேன்னு...” என்று இழுத்தான்.

“பங்குக்குப் போற வழியில வண்டி இடிக்காதா?”

சிரிப்பு வெடித்தது. வயதில் மூத்த ஒரு ஓட்டுநர் தம்பியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். “உங்கக்கா உனக்கே தள்ளுபடி குடுக்கல. அதனாலதான்டா எங்களுக்கெல்லாம் நியாயம் கெடைச்சுது” என்றார். தம்பியும் சிரித்தான். வாய்விட்டு, பழையபடி சிரித்தான்.

பிறகு அவளை வீட்டுக்கு யார் கொண்டுபோய் விடுவது என்று ஒரு சண்டை. என் வண்டி, உன் வண்டி என்று ஆளாளுக்குக் கதவைத் திறந்துவைத்தார்கள். தம்பி யாரையும் கேட்காமல் அவள் கைப்பையைப் பிடுங்கித் தன் வண்டியின் முன்சீட்டில் வைத்துவிட்டான். மற்றவர்கள் விடவில்லை. சவாரி இல்லாத ஏழு டாக்ஸிகள் பின்னாலேயே கிளம்பின. தெருமுனை திரும்பும்போது எட்டு வண்டிகளும் ஹாரன் அடிக்க, அக்கம்பக்கத்து ஜன்னல்கள் திறந்தன. மருந்துக்கடைக்காரர் வெளியே ஓடிவந்தார். வீட்டுக்காரர் துண்டைத் தோளில் போட்டபடி வாசலில் வந்து நின்றார்.

“என்ன இது, மந்திரி யாராவது வர்றாங்களா?” என்றார்.

“ஆமா மாமா, பாதையை விடுங்க” என்று தம்பி இறங்கி ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டான். செக்கிங் அக்கா இரண்டு காலையும் தரையில் ஊன்றி, அவசரப்படாமல், தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, இறங்கினாள்.